எங்கள் ஹொக்கி அணியும் ஞாபகார்த்தக் கிண்ணமும்

எங்கள் பெண்கள் ஹொக்கி அணியின் வரலாற்றை எழுதித் தரும்படி கழகத் தலைவர் கேட்டிருக்கிறார். மலர் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். எந்த விழாவில் யார் யார் மேடையில் இருந்தார்கள் என்பதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். அதை அவரே எழுதிக்கொள்ளட்டும். நான் பின்வரிசையில் நின்று விளையாடியவள். அங்கிருந்து தெரிந்ததைத்தான் என்னால் எழுத முடியும்.

அணி தொடங்கியது பூநகரிப் பக்கத்தில், போர் முடிந்து சனங்கள் மீளக் குடியமர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் ஹொக்கி விளையாடிய நாங்கள் நாலைந்து பேர், படிப்பு முடிந்ததும் மட்டையைக் கூரைக்குள் செருகிவிட மனமில்லாமல் சேர்ந்தோம். மைதானம் என்று ஒன்று இருந்தது. அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயும், மற்றக் காலத்தில் மாடு நிற்கும். "பிள்ளையள், மாட்டைக் கலைக்காதேங்கோ, அது சினைமாடு" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும். அந்த மாடு தானாக நகரும் வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருப்போம். மாவட்டத்தின் கடைசிப் பிரிவில் விளையாடினோம். அதிலும் கடைசியாகத்தான் வந்தோம். கலியாணம், வெளிநாடு, பிள்ளைப்பேறு என்று ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பதினொரு பேரை ஒன்றாகக் காண்பதே பெரிய பாடு.

பிறகு கனடாக்காரர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர், இளம் வயதிலேயே கனடாவுக்குப் போய்விட்டவர். ஊரில் ஹொக்கி விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே முன்வந்து பெரிய பெட்டி ஒன்றை அனுப்பினார். திறந்து பார்த்தால் ஆள் உயர மட்டைகள், அடியில் தட்டையான பலகை. அங்கே பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டுக்கு உரியவை. எங்கள் மண்ணில் அதால் பந்தைத் தள்ளினால் புழுதிதான் போனது.

"இதை அவருக்குச் சொல்லுவம் அண்ணை" என்றேன் தலைவரிடம்.

"சும்மா இரு பிள்ளை. ஆசையா அனுப்பின மனிசன் மனம் நொந்துபோவார்."

மட்டைகளைப் பிடித்தபடி வரிசையாக நின்று படம் எடுத்து அனுப்பினோம். படத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் அவர் இன்னொரு பெட்டி அனுப்பினார். அதே மட்டைகள். கூடவே அணியின் பெயரும் மாறிவிட்டது. காலமான அவருடைய தகப்பனாரின் பெயரை எங்கள் முதுகில் அச்சடித்துக்கொண்டு திரிந்தோம்.

பெட்டியால் பிரயோசனம் கண்டவள் எங்கள் கோல்கீப்பர் மட்டும். அதற்குள் இருந்த மெத்தை போன்ற கால்கவசங்களை அவள் கட்டிக்கொண்டாள். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிக்கு அருகில் காணி வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கிழமை நாட்களில் ஆடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காகக் கோல் காப்பாள். நாங்கள் தோற்ற ஆட்டங்களில் மானம் மிஞ்சியது அவளால்தான். மாகாண அணியில் எடுபட்டால் கொழும்பில் ஒரு கழகம் வேலையோடு எடுத்துக்கொள்ளும் என்று அறிந்து வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் மாகாணப் பயிற்றுநர் ஒரு தடவை வந்து அவள் பந்து பிடிப்பதைப் பார்ப்பதுதான்.

அந்தப் பயிற்றுநர் ஒரு பெண்மணி, வவுனியாவில் இருந்தார். எங்கள் பக்கத்துக்கு யார் வருவார்கள், பஸ்ஸே எண்ணிப் போட்டதுபோல ஓடுகிற இடம். விடாமல் போன் எடுத்து, கெஞ்சி, கனடாக்காரர் தகப்பனார் பெயரில் வைத்த ஞாபகார்த்தக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு அவாவை வரப்பண்ணினேன். நடத்துகிறவர்கள் என்று இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு நேரே இடம். ஆட்டம் மூன்று மணிக்கு. வவுனியா பஸ்ஸைப் பிடிக்கப் பரந்தனுக்குப் போகும் கடைசி பஸ்ஸில் அவா திரும்ப வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது. இருந்திருக்கும்.

பிரதம விருந்தினர் கனடாக்காரர்தான். அவர் முதலில் கோயிலுக்குப் போனார். பிறகு மச்சான் வீட்டில் சாப்பாடு. பிறகு வந்தார். மேளத்தோடு மைதானத்தைச் சுற்றி அழைத்து வந்தார்கள். கொடியேற்றல், விளக்கேற்றல், மௌனம், வரவேற்பு நடனம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. மேடையில் கதிரை கிடைத்த ஒருவரையும் பேச விடாமல் இறக்க முடியாது, ஆயுளுக்கும் கோவித்துக்கொள்வார்கள். ஒருவர் கனடாக்காரரின் பரம்பரையையே பேசி முடித்தார். நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். துணுக்காயிலிருந்து வந்த எதிரணியும் நின்றது. என் பொறுமை போய்விட்டது. மேடைப் பக்கம் போய்த் தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணை, விசிலை ஊதச் சொல்லுங்கோ. அவா பஸ்ஸுக்குப் போகவேணும்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? கடல் தாண்டி வந்த மனிசன், ரண்டு வார்த்தை பேசட்டுமன்."

ரண்டு வார்த்தையா அது! ஆட்டம் தொடங்கியபோது எங்கள் நிழல்கள் மைதானத்தின் பாதியைப் பிடித்திருந்தன.

சரி, தொடங்கியாவது விட்டதே என்று பார்த்தால் அடுத்த அநியாயம். எங்கள் முன்வரிசைக்கு அன்றைக்கென்று விளையாட்டு வந்துவிட்டது. வருடக்கணக்காகப் பந்தைத் தவறவிட்டவர்கள், பந்தை எதிரணியின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சனம் ஆரவாரம் செய்தது. எங்கள் கோல்கீப்பர் வேலையில்லாமல் நின்றாள். பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் கண்டேன். சொந்த அணி நன்றாக விளையாடுவதைப் பார்த்து வயிறெரிந்தது அன்றுதான்.

வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தது. பயிற்றுநர் எழுந்தார். அந்த நேரம்தான் துணுக்காய்ப் பெண் ஒருத்தி பந்தைப் பறித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். நல்ல ஓட்டக்காரி, ஆனால் நான் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. காலை எடுத்து ஒதுங்கினேன்.

அவள் கோலின் வலது மூலைக்கு ஓங்கி அடித்தாள். எங்கள் பிள்ளை முழு உடம்போடும் பக்கவாட்டில் விழுந்து, மட்டையின் நுனியால் அதை வெளியே தட்டிவிட்டாள். அப்படி ஒரு தடுப்பை நான் கண்டதில்லை.

மேடையைத் திரும்பிப் பார்த்தேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தலைவர் பயிற்றுநரை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருந்தார். கனடாக்காரர் அவாவுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். படம் எடுப்பவருக்காக எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவா வீதியை நோக்கி ஓடினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கோல் பக்கம் போனேன். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணுமெண்டுதானே விட்டனீங்கள் அக்கா?"

"ஓம்."

"அவா பாத்தவாவே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தில் அதுகூட வரவில்லை. "இல்லை. பொன்னாடை போத்திப் படம் எடுத்துக்கொண்டு நிண்டவை."

அவள் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு மட்டையைப் பிடித்தாள்.

"அப்ப இன்னொருக்கா விடுங்கோ."

வீதி அவளுக்கு முதுகுப் பக்கம். ஸ்பீக்கரில் யாரோ உபயகாரர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த சத்தத்தில் பஸ் புறப்பட்டது அவளுக்குக் கேட்கவில்லை. பயிற்றுநரை ஏற்றிக்கொண்டு அது மதகைத் தாண்டிப் போவது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. துணுக்காய்ப் பெண் மறுபடி பந்தோடு வந்தபோது ஒதுங்கி வழி விட்டேன்.