உடை என்று எழுதினாள்

பொன்செல்வி எழுதியதில் பிழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வனத்துறை அலுவலகத்தில் இப்போது பழியெல்லாம் அவள் தலையில்தான்.

நாசரேத் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் ஆடு வளர்த்த வீட்டுப் பெண். தாவரவியல் படித்தாள். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தது. முத்தையாபுரத்துக்குத் தெற்கே, குடோன்களுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மிஞ்சியிருந்த பன்னிரண்டு ஏக்கர் பூர்வீகக் காட்டைக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு வருடம் முள் கிழிக்கக் கிழிக்க நடந்து, உகா, கிளுவை, சங்கஞ்செடி என்று அறுபத்து மூன்று வகை எழுதினாள். பாதுகாக்க வேண்டிய காடு என்று அறிக்கை கொடுத்தாள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘அதிகம் உள்ள மரம்’ என்றொரு கட்டம். தமிழ்ப் பெயர் மட்டும் போதுமாம். குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு மரம் அது. அவள் ஊரில் அதற்குப் பெயர் உடை. அப்படியே எழுதினாள். ஆனால் வெளியிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேலத்தையும் இங்கே எல்லாரும் உடை என்றுதான் சொல்வார்கள். அலுவலகமும் அப்படித்தான் படித்தது. உள்ளே இருந்த அறுபத்து மூன்று பெயர்களை எந்த மகராசன் புரட்டினான்? சீமைக்கருவேலம் அகற்றும் பட்டியலில் பன்னிரண்டு ஏக்கரும் ஏறிவிட்டது.

மேலதிகாரி சங்கரபாண்டியனிடம் ஓடினாள்.

“எழுதினது தப்புன்னு லெட்டர் குடும்மா. அடுத்த மீட்டிங்ல வைக்கேன். ஆனா தப்பான ரிப்போர்ட்டுன்னா அந்த அறுபத்து மூணும் சேத்து ரிப்போர்ட் மொத்தமும் கேன்சல்தான்.”

“நான் எழுதினது சரிதான் சார்.”

“சரின்னா ஆர்டரும் சரிதானம்மா?”

கடைசியில், தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருட உழைப்பைத் தன் கையாலேயே பொய்யாக்கியது அவளுக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள்.

மீட்டிங்குக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. மறித்து நின்றாள். ஓட்டுநர் சுடலைராஜ் நல்ல பையன், இறங்கி வந்து உத்தரவைக் காட்டினான்.

“யக்கா, பேப்பர்ல உடைன்னு போட்டிருக்கு. இது உடைதான?”

“உடைதான். ஆனா வெட்டுத உடை இது இல்ல தம்பி.”

அவன் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

“அதையும் எழுதியிருக்கலாம்லா யக்கா” என்றான், வருத்தமாகத்தான். பிறகு ஏறி இன்ஜினைக் கிளப்பினான்.