ஆசீர்வாதம் சாரும் ‘ந.க.’ சுவிட்சும்

காலை ஏழு மணிக்கு, கோரிப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் காதர் பாய் போன் செய்தார். “அண்ணே, சுவிட்சுக்காரரு போயிட்டாருண்ணே.” எந்த ஊருக்கு என்று கேட்டேன். அந்தப் பக்கம் பாய் மூக்கை உறிஞ்சினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆசீர்வாதம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்கு முதலில் வந்த நினைப்பை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ‘அடப்பாவி மனுஷா, ந.க. என்றால் என்னவென்று சொல்லாமலே போய்விட்டீரே!’ அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

தல்லாகுளத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் என்று சிலருக்குத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் அரை வரி முன்னால் பாடியவர் என்று சிலருக்குத் தெரியும். எனக்கு அவரை அவருடைய அம்பாசடர் வழியாகத்தான் தெரியும். கண் சரியில்லை, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் வண்டியை எனக்கு விற்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

“உள்ள சில மராமத்து பண்ணி வச்சிருக்கேன் தம்பி. எது எதுக்குன்னு எங்கிட்டக் கேக்கக் கூடாது, நீங்களாத்தான் கண்டுபுடிக்கணும். வீட்ல டீச்சர்ட்ட கேக்கவே கூடாது.” டீச்சர் என்றது அவர் மனைவி நவமணி டீச்சரை.

ஒத்தக்கடையில் இருக்கும் என் வீட்டுக்கு ஓட்டி வந்து கழுவும்போதுதான் மராமத்தின் லட்சணம் தெரிந்தது. ஓட்டுநர் கதவோரம் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச், அதன்மேல் கறுப்பு டேப் மூன்று சுற்று. அழுக்கு டேப்பைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. பசை இறுகிப்போய்ப் பிரிய மறுத்ததைக் கத்தி வைத்துச் சுரண்டி எடுத்தேன். உள்ளே வெள்ளைப் பெயின்டில் ‘ந.க.’ என்று எழுதியிருந்தது. ‘ஆன்’ ஆகியிருந்த சுவிட்சை அமர்த்தினேன், மறுபடி போட்டேன், மறுபடி அமர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே அமர்த்தி விட்டுவிட்டேன்.

இது போதாதென்று, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காலடியில் ஒரு பிரேக் மிதி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, எதற்கென்றே தெரியாத ஒரு சிவப்பு பல்பு. காதர் பாய் பார்த்ததும், “இது டிரைவிங் ஸ்கூலு வண்டிண்ணே, வாத்தியாருக்கு ஒரு பிரேக்கு வச்சிருக்காங்க” என்றார். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவர் முகம் வேறு மாதிரி இருந்தது. “யா அல்லா! மிதியிலருந்து பிரேக்குக்குப் போற கம்பியே இல்லண்ணே. வெறும் ஸ்பிரிங்கு.” மிதியை மிதித்துப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றாகத்தான் பார்த்தோம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன் நான். ந.க. என்றால் எனக்கு நடப்புக் கணக்குதான், ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இருக்குமே, அது. பாய் அதை ஏற்கவில்லை. “ந.க.ன்னா நம்ம கஷ்டகாலம்ணே, விட்ருங்க” என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறேன். சிவப்பு விளக்கு எரியும்போதே பின்னால் ஒருவன் விடாமல் ஆரன் அடிக்கிறான். ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த, சார் ‘ப.ம.’ என்று எழுதி வைத்திருந்த இன்னொரு பொத்தானை அமுக்கினேன். என் வண்டியின் பின்பக்கத்திலிருந்து, அவன் முகத்தைப் பார்த்து, லாரி ஆரன் ஒன்று அலறியது. அவன் மட்டுமா, மூன்று பஸ் டிரைவர்களும் அமைதியானார்கள். நேரே சார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது அவருக்கு. “பதில் மனு தம்பி! அவன் மனு போட்டா நாம பதில் மனு போட வேணாமா?”

அன்றைக்கு டீச்சர் காப்பி கொண்டு வந்தார். சாருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் காப்பி கடுங்கசப்பு. டீச்சர் உள்ளே போனதும் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “எந்த உத்தரவுக்கும் மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கணும் தம்பி” என்றார். அப்போது ந.க. என்றால் என்ன என்று மெல்லக் கேட்டேன். வாயில் வெல்லம் இருக்கிறது என்று விரலால் காட்டினார்.

அடக்கத்தன்று எல்லோரும் வேனில் ஏறினார்கள். டீச்சர் மட்டும் ஏறவில்லை. “நான் நம்ம வண்டியிலயே வாரேன்” என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாரைச் சுமந்துகொண்டு அமரர் ஊர்தி முன்னால் போக, நான் பின்னால் ஓட்டினேன். ஒரு டவுன் பஸ் குறுக்கே நுழைந்தது. டீச்சர் கால் மிதியை ஓங்கி மிதித்தது. மிதித்தவர் என் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, லைட்டு எரியலையே?”

“எந்த லைட்டு டீச்சர்?”

“நான் மிதிச்சா அங்கிட்டு செவப்பு எரியும். எரிஞ்சா அவரு மெதுவாப் போகணும். கல்யாணம் ஆன புதுசுல வச்சது. இவரு ஓட்டுன ஓட்டுக்கு நான் வண்டியிலயே ஏற மாட்டேன்னுட்டேன்ல?”

என் கை டேஷ்போர்டுக்கு அடியில் போயிற்று. ந.க. சுவிட்சைப் போட்டேன். “இப்ப மிதிங்க டீச்சர்.” மிதித்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே சிவப்பு பளிச்சென்று எரிந்தது. இத்தனை வருஷமாக நானும் பாயும் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்குத்தானா!

“அதென்ன சுவிட்சு?” என்றார் டீச்சர். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ‘ந.க.’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவர். “நவமணி கட்டளை” என்றார். உடனே முகம் சுண்டிப்போயிற்று. “அப்ப அத அமத்துனா நான் மிதிக்கிறது தெரியாதுல்ல? அம்புட்டு வருசமும் நான் எட்டிப் பாக்காதப்பல்லாம் அமத்தி வச்சிட்டுத்தான் ஓட்டுனாரா மனுசன்?”

முன்னால் பெட்டி போகிறது. டீச்சர் என் முகத்தையே பார்க்கிறார். சார் ஏன் டீச்சரிடம் கேட்கக் கூடாது என்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவிட்சைத் தடவும்போதுதான் டேப் நினைவுக்கு வந்தது.

“இல்ல டீச்சர். நான் வண்டிய வாங்குன அன்னைக்கு அது ஆன்லதான் இருந்துச்சு. யாரும் அமத்திறக் கூடாதுன்னு மேல டேப்பு சுத்தி வச்சிருந்தாரு. நான்தான் பிரிச்சேன்.”

“புது டேப்பா, பழசா?”

“பழசு டீச்சர். பிரியவே இல்ல. கத்தி வச்சுச் சுரண்டுனேன்.”

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “மேல்முறையீட்டுக்கு வழி வச்சிருக்காரு பாரேன். பண்ணத்தான் இல்ல” என்றார். அப்புறம் மிதியில் காலை வைத்து அழுத்தினார். “மெதுவாப் போ தம்பி. இப்ப என்ன அவசரம்.” வண்டி ஏற்கெனவே நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் மெதுவாகப் போனேன்.

சாருடையது என்று இன்றைக்கு என்னிடம் இருப்பது ஒரு பதில் மனு ஆரனும், கம்பியில்லாத ஒரு பிரேக் மிதியும். டேப் மட்டும் புதிது. அதே சுவிட்சில், ‘ஆன்’ போட்டு, மூன்று சுற்று நானே சுற்றினேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்த மிதியை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது. வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் நான் பிரேக்கை மிதித்தேன்.