உலக முடிவில் மாமி கண்ட வாவி

எங்கள் ஊரில் உயரம் என்றால் கல்லடிப் பாலம்தான். மற்றபடி வாவியும் வயலும் பாய் விரித்ததுபோல் கிடக்கும். அதனால்தானோ என்னவோ, அப்பாவின் அக்காவான என் மாமிக்கு ஓர் ஆசை இருந்தது. மலைநாட்டில் ஹோட்டன் சமவெளி என்று மரைகள் திரியும் ஒரு காடு இருக்கிறது, அதன் ஓரத்தில் பூமி திடீரென்று அறுந்து பள்ளமாகப் போகிறது, அந்த இடத்துக்கு உலக முடிவு என்று பெயர் என அவர் வானொலியில் கேட்டிருந்தார்.

"சாகிறதுக்குள்ள ஒருக்கா அந்த உசரத்தில நிண்டு கீழ பார்க்கோணும்" என்பார்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்துவிட்டது. மற்றதும் நெடுநாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமையே அப்பா வேன் பிடித்தார். வெயில் ஏற ஏற முகில் வந்து பள்ளத்தை மூடிவிடும், அதற்குமுன் போய்ச் சேர வேண்டும் என்று வேன் ஓட்டிய, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணர் புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

அம்மாவோ ஒரு சாக்குத் தேங்காயோடு வேனில் ஏறினார். வழியில் கோயிலைக் கண்டால் இறங்கித் தேங்காய் உடைக்காமல் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பண்டாரவளையில் தங்கி விடியற்காலை வெளிக்கிட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன் இருந்தாள். ஒருத்தியையும் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்பா தேங்காய் உடைக்க, அம்மா மாமியின் பெயரைச் சொல்லி நேர்ந்து, விபூதி வாங்கிப் பொலித்தீனில் மடித்துக்கொள்வார்.

"தங்கச்சி, உங்கட சாமி எங்கயும் போகாது. முகில்தான் வந்திரும்" என்றார் காக்கா.

"அந்தக் கண்ணுக்காகத்தானே காக்கா கும்பிடுறன்."

காக்கா வேனை ஓரங்கட்டினார்.

காட்டு வாசலில் இன்னொரு தாமதம். உள்ளே பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்பது எங்களுக்குத் தெரியாது. காவலர் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு விபூதிப் பொட்டலங்களைப் பிரிக்க, அம்மா பதறிப்போனார். காக்காதான் சமாதானம் சொன்னார்: "விபூதி போகலாமாம். பைதான் போகப்படாதாம்." அத்தனை அம்மன்களின் விபூதியும் அம்மாவின் முந்தானையில் ஒரே முடிச்சானது.

மாமியின் கையைப் பிடித்து நடத்திப் போவது என் வேலை. "கல்லு மாமி, தண்ணி மாமி" என்று சொல்லிக்கொண்டே போனேன். புல்வெளியில் ஒரு மரை நின்றது.

"என்ன மனே அது, எருமையா?"

"இல்ல மாமி, மரை. கொம்பு மரக்கொப்பு மாதிரி இரிக்கி."

"வயல் வட்டைக்குள்ள நிக்கிற எருமைபோலத்தான் எனக்குத் தெரியிது. பாவம், இந்தக் குளிருக்க போர்க்கவும் ஒண்டுமில்லாம நிக்கிது" என்று தன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உலக முடிவுக்கு நாங்கள் போனபோது அங்கே உலகமே இல்லை. வெள்ளை மட்டும்தான். பள்ளமும் மலையும் முகிலுக்குள் போயிருந்தன. காத்து நின்றோம், விலகவில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "தேங்காயெல்லாம் உடைச்சி முடிஞ்சிதா? இப்ப சந்தோசம்தானே?"

அம்மா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கினார்.

"ஏன் தம்பி அவளை ஏசுறாய்?" என்றார் மாமி. "எனக்கு வடிவாத் தெரியிதே. அடியில பச்சையா வயல். அங்கால பளபளவெண்டு தண்ணி. நம்மட வாவிபோலதான் கிடக்கு. இஞ்ச வா புள்ள, அழாத. நீ கும்பிட்டது வீண்போகல்ல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியின் இமைகளில் விபூதி பூசினார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எனக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாமிக்கு மட்டும் காட்டுகிறாளே இந்த அம்மன் என்று பொறாமையாக இருந்தது. முந்தானையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து என் கண்ணுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். அந்த எரிச்சலில் நான் போட்ட கூச்சலுக்கு அப்பாவே சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் அம்மா எந்தக் கோயிலிலும் நிறுத்தச் சொல்லவில்லை. மாமிதான் சொன்னார்.

"காக்கா, அடுத்த கோயிலடியில ஒருக்கா நிப்பாட்டுங்க. தேங்காய் மிச்சம் இரிக்கும்."

அப்பா உடைத்தார். மாமி கைகளைத் தலைக்குமேல் குவித்து, வெளியே நின்ற மின்கம்பத்தைப் பார்த்து உருகி உருகிக் கும்பிட்டார். அம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மெல்லப் போய், அவருடைய தோளைப் பிடித்து அம்மன் பக்கம் திருப்பிவிட்டார். கையை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றார்.

அவ்வளவு தூரத்து வாவியைக் கண்ட கண்ணுக்கு எதிரே இருந்த அம்மன் ஏன் தெரியவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கண் திறந்ததற்குத்தான் மாமி நன்றி சொல்கிறார் என்று நினைத்து, எரிகிற கண்ணை மூடிக்கொண்டு நானும் கும்பிட்டேன்.