காலிமுகத்திடலில் இரண்டு தரம் மஃரிப்

எண்பதுகளில் கல்முனைக்குடியில் கொழும்பு பார்க்கப் போக நினைத்தவர்கள் முதலில் காலிதீனைத்தான் தேடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் பஸ் பிடித்து ஆட்களைச் சேர்த்துவிடுவார். மிருகக்காட்சிசாலைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் உண்டு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுபத்தொன்பதில் அவர் கூட்டிப்போன முதல் பயணம் இருக்கிறதே, அதில் மனுசன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பயணமே மாமியாருக்காகத்தான். நம்முடைய பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். பொத்துவிலில் பிறந்த காலிதீன் நதீராவை முடித்து, கல்முனைக்குடிக்கு வந்து ஏழு வருசம். நெல் ஆலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், வளவுக்குள் தன் கையாலேயே கட்டின கிணற்றுக்கட்டு, எல்லாம் ஆயிற்று. ஆனால் மாமியார் ஸுல்பிகா ஒரு நாளாவது அவரை 'மருமகன்' என்று சொன்னதில்லை. "பொத்துவிலாருக்குத் தேத்தண்ணி குடு." "பொத்துவிலார் வந்திட்டாரா?" ஏதோ சந்தைக்கு வந்த ஆளை விசாரிக்கிற மாதிரி.

காரணம் ஊருக்கே தெரியும். ஸுல்பிகா தன் தம்பி மகன் அப்துல் ஹமீடைத்தான் மகளுக்கு நினைத்து வைத்திருந்தார். கணவர் கண்ணை மூடுமுன் காலிதீனின் வாப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஹமீட் வேறு இடத்தில் முடித்து, புடவைக்கடை வைத்து, நன்றாகத்தான் இருந்தான். கோபம் மட்டும் மாமியாரிடம் அப்படியே தங்கிவிட்டது. காலிதீனுக்கு அது சாப்பிடும்போதும் படுக்கும்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே சொல்கிற விசயமா அது?

ஒரு நாள் மாமியார் யாரிடமோ, "கொழும்ப ஒருக்காக் கண்ணால பாக்காமலே மௌத்தாகிருவன் போல" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. போதாதா? கூட்டாளி பாக்கியராசா ஓட்டுகிற பஸ்ஸைப் பேசி, சொந்தக்காரரைக் கொண்டு நிரப்பிவிட்டார். ஹமீடும் ஏறிக்கொண்டான். பாக்கியராசாவைத் தவிர அதில் ஒருவரும் கொழும்பைக் கண்டவரில்லை. காலிதீனும்தான்.

விடியக் கொழும்புக்குள் நுழைந்ததும் தொடங்கியது வினை. நம்முடைய ஊரில் கிழக்கைக் கடற்பக்கம் என்போம், மேற்கை வயற்பக்கம் என்போம். கொழும்பில் கடல் மேற்கே கிடக்கிறது. காலிதீன் ஆரையோ விசாரித்துவிட்டு வந்து, "கிழக்கால போகட்டாம், கடற்பக்கம் திருப்பு" என்பார். பாக்கியராசா தலையில் அடித்துக்கொள்வான்.

"மச்சான், நம்மட ஊர்க் கணக்க இஞ்ச போடாத. இஞ்ச கடல் மற்றப் பக்கம்."

"ஓம் ஓம், விளங்குது" என்பார். அடுத்த சந்தியில் திரும்பவும் அதே கதை.

தெஹிவளையில் யானைகளின் ஆட்டம் பின்னேரம்தான் என்றார்கள். நின்ற யானைகளைக் காட்டினார். மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நம்மட வேளாண்மைக்குள்ள வாற ஆனைக்கு ஆரு டிக்கட் எடுத்த?" பஸ்ஸே சிரித்தது. பழம்பொருள் வைத்திருக்கிற நூதனசாலை அன்றைக்குப் பூட்டு. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைச் சனநெரிசலில் நின்று ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எல்லாருக்கும் கழுத்து நொந்தது. "பொத்துவிலாருக்கு ஏன் இந்த வேலை" என்று மாமியார் மகளிடம் சொன்னது முன் சீட்டுக்கே கேட்டது.

கடைசியாகக் காலிமுகத்திடல். "கடலப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் இறங்கினார். வானம் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. மஃரிப் தொழுகிற அந்தி நேரமும் ஆயிற்று. பாக்கியராசா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். பஸ்ஸில் இருந்த தண்ணீரில் எல்லாரும் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்தார்கள். கூட்டி வந்தவரே தொழுவிக்கட்டும் என்று காலிதீனை முன்னுக்கு விட்டார்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. பிறந்த நாள் தொட்டுக் கடல் முதுகுப் பக்கம், மக்கா இருக்கிற கிப்லா வயற்பக்கம். பகல் முழுக்கப் பாக்கியராசா சொன்னது தலைக்கு ஏறியிருந்தது, காலுக்கு இறங்கவில்லை. கடலுக்கு முதுகைக் கொடுத்துத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். பின்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால், கடல் ஓரமாய், பெண்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், மேகம் கீழே கிழிந்து, கடலுக்கு மேலே செக்கச் செவேலென்று கிடக்கிறது.

"இதென்ன, செக்கல் கடலுக்க கிடக்கு?" என்றாள் ஒருத்தி.

பிறகுதான் எல்லாருக்கும் வெளித்தது: பொழுது விழுந்த பக்கம்தானே மேற்கு. மக்காவுக்கு முதுகைக் காட்டித் தொழுதிருக்கிறார்கள். காலிதீனுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"கிப்லா தெரியாத ஆளெல்லாம் சனத்தக் கூட்டி வந்தா இப்படித்தான்" என்றான் ஹமீட். "திரும்பத் தொழத்தான் வேணும். தள்ளுங்க, நான் தொழுவிக்கிறன்."

கடலைப் பார்த்துத் திரும்பினால் இப்போது பெண்கள் அல்லவா முன்னால்? அவர்கள் எழும்பி, ஆண்களைக் கடந்து பின்பக்கம் போக வேண்டியதாயிற்று. ஹமீடுக்குப் பக்கத்தில் வந்ததும் ஸுல்பிகா நின்றார்.

"நீயும் பின்னாலதானே மனே நிண்ட? அப்ப கிப்லா உனக்குத் தெரிஞ்சா இருந்த?"

ஹமீட் வரிசைக்குள் பின்வாங்கினான்.

"பிழச்சவரே தொழுவிக்கட்டும்" என்றார் மாமியார். "இனி அவருக்கு இது பிழைக்காது." காலிதீனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்ப் பின்வரிசையில் நின்றுகொண்டார்.

காலிதீன் தொழுவித்தார். காற்று முகத்துக்கு நேரே அடித்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் மாமியார் தூங்கினார். மகாஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, "பொத்துவிலார் குடிச்சாரா?" என்றுதான் கேட்டார். அவ்வளவுதான் என்று காலிதீன் மனதை ஆற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து முற்றத்தில் கூடிவிட்டார்கள். காலிதீன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"கொழும்புல என்னத்தகா பாத்த?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆனையும் மணிக்கூடும்தான். நம்மட ஊருல இல்லாத ஆனையா?" என்றார் ஸுல்பிகா. பிறகு சொன்னார்: "கடலப் பாத்துத் தொழுதங்கா. வயசுக்கும் கடலுக்கு முதுகக் குடுத்துத்தானே தொழுதிருக்கம். சிவந்த கடல முன்னால வெச்சுத் தொழக்குள்ள நெஞ்செல்லாம் என்னமோ செஞ்ச. எங்கட மருமகன்தான் தொழுவிச்சாரு."

சோப்பு நுரையோடு காலிதீன் அப்படியே நின்றுவிட்டார். துவாயோடு வந்த நதீரா, "கண்ணுக்க சோப்புப் பட்டிட்டா?" என்று கேட்டாள். ஓம் என்றார்.