பிரேக் குழாயில் துரு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. கணவரின் மாமா வேறு வண்டி வாங்கியபோது இதை எங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்து, வண்டி நின்ற கொட்டகைக்குள் பல நாள் தண்ணீர் நின்றது.

உப்பிலியபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு அப்போது நிறைமாதம். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த புத்தூர் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று முடிவாகியிருந்தது. பஸ்ஸில் அவளை அழைத்துவர எனக்கு மனமில்லை. வண்டியைச் சரிபார்த்து எடுத்துப்போவோம் என்றேன்.

என் கணவர் கனத்த உடம்புக்காரர். வண்டிக்கு அடியில் நுழைந்தால் அவரை வெளியே இழுக்க நாலு ஆள் வேண்டும். அதனால் சக்கரங்களைக் கனமான மரக்கட்டைகளில் ஏற்றி நிறுத்திவிட்டு, நான்தான் சாக்கை விரித்துப் புடவையை வரிந்துகொண்டு படுத்தேன். மாமியார் வாசலில் நின்று யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னிருந்து பின்சக்கரம் வரை ஓடிய பிரேக் குழாய் முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.

"ரப்பர் குழாய்ல மண்ணெண்ணெய் படப்போறது, ஜாக்கிரதை!" என்று மேலிருந்து கணவரின் குரல் வந்துகொண்டே இருந்தது.

துரு பொடியாக உதிர்ந்து கண்ணில் விழுந்தது. ஆனால் அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் மேல்துருதான், வர்ணம் அடித்தால் போதும் என்று நினைத்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், குழாயைப் பிடித்திருந்த தகட்டை நகர்த்தியபோதுதான் துரு செதில் செதிலாக வந்தது. விரலால் தடவினேன். நகம் குழியில் சிக்கியது.

"பிரேக்கை நன்னா மிதிங்கோ."

அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து மிதித்தார். குழியில் பளபளவென்று ஒரு துளி திரண்டு என் கன்னத்தில் விழுந்தது.

"கசியறது," என்றேன்.

அவர் கீழே இறங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு, "துணியைச் சுத்தி இறுக்கிக் கட்டினா, போயிட்டு வர வரைக்கும் தாங்காதா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார். "என்னடா பேசறே? பிள்ளைத்தாச்சியை ஏத்திண்டு வரப்போற வண்டிடா இது. கட்டுப்போட இதென்ன கால் விரலா?"

கணவரின் முகம் சுருங்கியது. மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். மறுநாள் காலை அங்கிருந்து வந்த மெக்கானிக் பாய் பழைய குழாயை முழுக்கக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். "இப்ப பாருங்கம்மா, கல்லு மாதிரி நிக்கும்," என்றார்.

தங்கையை அழைத்து வரும்போது, துறையூர் தாண்டி ஒரு வளைவில் எருமைகள் திடீரென்று சாலைக்கு ஏறின. கணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் தங்கை என் மாமியார் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எருமைகள் அவசரமே இல்லாமல் கடந்துபோகும் வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் அவளுக்குப் பெண் பிறந்தது.