பஸ்ஸுக்கு இரண்டு தட்டு

சிங்கப்பூரில் கூட வேலை செய்த இத்தாலிக்காரியைச் சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டு எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் குடிவந்தபோது, நான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள்.

புதுச் சித்தியோடு பேச அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் சித்தப்பா திருத்துவார். அதனால் பேச நினைத்ததையெல்லாம் அம்மா தட்டில் வைத்தார். சித்தி போதும் என்று கையைக் காட்டினால் இன்னொரு கரண்டி கோழிப் பிரட்டல் விழும். சித்தியின் ஆங்கிலத்தையும் சித்தப்பா விட்டுவைப்பதில்லை. ஆகவே சித்தியும் பேசாமல் சாப்பிட்டார். எனக்கு அது ரொம்ப அமைதியான குடும்பமாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையிலேயே மலாய் வீட்டுப்பாடத்தைப் பரப்பினேன். சொல்லை அசையசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டு கைதட்ட வேண்டும். பஸ்ஸுக்கு மலாயில் ‘பாஸ்’. ஒரு தட்டு தட்டினேன். உங்கள் ஊரில் எப்படி என்று சித்தியைக் கேட்டேன். அவர் பிறந்தது தெற்கு இத்தாலி.

“பஸ்-ஸெ” என்று இரண்டு தட்டு தட்டினார்.

சித்தப்பா சிரித்தார். “அலமாக்! இங்கிலீஷ்காரன் ஒண்ணுதான் குடுத்தான் லா. ரெண்டாவது எங்கேருந்து வந்துச்சு?”

சித்தியின் முகம் சிவந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஏன், நானுந்தான் பஸ்-ஸுங்கறேன்” என்று அதே மாதிரி இரண்டு தட்டு தட்டினார்.

“அண்ணி, நீங்களுமா?”

அடுத்த சொல் ஃபிலிம். சித்தி “ஃபில்-மெ” என்றார். அம்மா “பில்-மு” என்றார். இருவர் கையும் சேர்ந்தே தட்டின. சித்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவேயில்லை. சித்தப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். வீட்டுப்பாடத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகையே வந்தது.

அடுத்த ஞாயிறு அவர்களுடைய கார் வாசலில் நிற்கும்போதே அம்மா கேட்டார்.

“இன்னிக்குப் பாடம் இல்லையா?”

“ஸ்கூல் லீவும்மா.”

“பரவால்ல. எதாச்சும் நாலு வார்த்த எடுத்துட்டு வந்து இங்க உக்காரு.”

லீவு நாளில்கூடப் படிக்கச் சொல்லும் அம்மா வேறு யாருக்காவது வாய்த்திருப்பாரா என்று நொந்துகொண்டே, பள்ளிப்பையைத் தேடப் போனேன்.