மதுரை டூ போடி ரயிலில், மச்சானின் காதுமெஷினோடு

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். கொண்டை ஊசி வளைவில் பயந்து கண்ணை மூடுகிறவர்களிடம், "நானும் மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறேன்" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே இந்த ரயிலில் ஒருநாள் பயந்துபோனேன்.

போன மாசம் என் அக்கா வீட்டுக்காரரின் காதுமெஷின் கெட்டுவிட்டது. அது இல்லாவிட்டால் மச்சானுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மதுரையில் ரிப்பேருக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, காலை 8.20 ரயிலில் ஏறினேன். போடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். ஆண்டிபட்டி கணவாய் வரும்போது தூங்கிவிடாதீர்கள், அவ்வளவு அழகு.

அந்தக் காலத்தில் ஏலக்காய் மூட்டை ஏற்றப் போட்ட லைன் இது. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று பன்னிரண்டு வருசம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருசமும் எங்க ஆட்களுக்கு அதுதான் நடைபாதை. ரயில் திரும்ப வந்த பிறகும் மச்சான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "ஹாரன் அடிச்சா ஒதுங்கிக்கிறேன்" என்பார்.

தேனி தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. பத்தரைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொன்னது நான். மெஷின் இருப்பது என் பையில்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அப்பவே கெளம்பிட்டாரே. எப்பவும் போல தண்டவாளத்து வழியாத்தான்" என்றது. மச்சானுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவருக்கு எங்கே கேட்கும்?

போடிக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரன் நீளமாக அடித்தது. விடவே இல்லை. பிரேக் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தால் சிதறி ஓடுகிற ஆடுகள்தான் தெரிந்தன. ரயில் நிற்கவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

போடி பிளாட்பாரத்தில் மச்சான் இல்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்தார். வேட்டியெல்லாம் மண், சட்டையில் ரெண்டு பட்டன் இல்லை.

"ஆடு மேய்க்கிற பொம்பள சட்டையப் பிடிச்சு இழுத்துச்சு மாப்ளே. சண்டைக்குத் திரும்புறேன், முதுகுப் பக்கம் காத்து மாதிரி போகுது ரயிலு."

மெஷினை எடுத்து அவர் காதில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்து, ரயிலின் மறுமுனைக்கு மாறப்போன எஞ்சின் ஹாரன் அடித்தது. மச்சான் துள்ளி என் கையைப் பிடித்தார்.

"இம்புட்டுச் சத்தமாவா மாப்ளே வந்துச்சு?"

ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து ரோட்டு வழியே பஸ்ஸ்டாண்டு வாருங்கள். மலைக்கு ஜீப்பு அங்கே கிடைக்கும். தண்டவாளத்தில் போனால் வெரசாப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மச்சான் இப்போது ரோட்டில்தான் நடக்கிறார். அந்தச் சட்டைக்கு அக்கா இன்னும் பட்டன் தைத்துக் கொடுக்கவில்லை. அப்படியேதான் போட்டுக்கொண்டு போகணுமாம்.